நம்பர் அக்கா

செல்லூர், மதுரை
11.6.2025

திருமதி தாமரைச்செல்வி அவர்களுக்கு,

நாகஜோதி எழுதுவது. அக்கா என்று எழுதக் கை வரவில்லை. அதனால்தான் இப்படி.

வாணிக்குக் கிடைத்த இடம் போய்விட்டது. கோயம்புத்தூர் நர்சிங் கல்லூரியில் என் மகளுக்கு இடம் வந்திருக்கிறது என்று முதலில் சொன்னதே நீங்கள்தான். உங்கள் போனுக்குத்தானே மெசேஜ் வந்தது. போன வாரம் நானும் அவளும் பஸ் ஏறி அங்கே போனோம். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஆபீசில் இருந்த அம்மா சொல்கிறது, “நீங்களே வேண்டாம்னு ரத்து பண்ணிட்டீங்களேம்மா. உங்க நம்பருக்கு ஓடிபி வந்து, அதைப் போட்டுத்தான் பண்ணிருக்கீங்க.” எங்கள் நம்பர் என்று அங்கே இருப்பது உங்கள் நம்பர். வாணி அந்த வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை. குட்டியானை லோடு வண்டியைப் பழங்காநத்தத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை முன்னால் நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து ரத்து செய்தாராம். “தாமரைத் தங்கச்சிக்குப் போன் போட்டேன். நம்பரச் சொல்லுச்சு. அம்புட்டுத்தான்” என்றார்.

அம்புட்டுத்தானா? இவர் போனுக்கு வந்தால் விடமாட்டார் என்றுதானே உங்கள் நம்பரைப் போட்டோம். நீங்கள் இங்கே கம்ப்யூட்டர் கடையைக் காலி பண்ணி ஓசூர் போவதற்கு முன்னால் கடைசியாகப் போட்ட விண்ணப்பம் அது. “என் நம்பர்லயே இருக்கட்டும் ஜோதி, பத்திரமா இருக்கும்” என்று சொன்ன வாய் யாருடைய வாய்?

எட்டாம் வகுப்போடு எழுதுவதை விட்டவள், உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். வீட்டில் இருக்கிற ஒரே போன் அவருடையது. பட்டறைப் போனில் பேசினால் தறிச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டும், கத்தினால் தெருவுக்கே கேட்கும். பதில் எழுதுவதாக இருந்தால் பட்டறை முகவரிக்கு, பக்கத்துத் தறி சோலையம்மாள் பெயரைப் போட்டு எழுதுங்கள். எழுதாவிட்டாலும் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
நாகஜோதி


ஓசூர்
15.6.2025

ஜோதி,

கடிதம் வந்தது. திருமதி தாமரைச்செல்வி அவர்களுக்கு என்று பார்த்ததும் ஏதோ ஆபீசிலிருந்து வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். படித்துவிட்டு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஓசூருக்கு வந்தும் நான் செல்லூர்க்காரிதான். இவர் கம்பெனிக்குப் போனதும் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ‘நம்பர் அக்கா, கேஸ் புக் பண்ணேன், ஒண்ணு வந்திருக்குமே.’ ‘நம்பர் அக்கா, ரேஷன் கார்டுல பேரு சேக்குறேன், பாத்துச் சொல்லுங்க.’ மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிம்மை மாற்றுகிற தெரு நம் தெரு. என் நம்பர்தான் மாறாது என்று யார் எதற்கு விண்ணப்பித்தாலும் அதைத்தான் போட்டேன். போடச் சொன்னதும் நீங்கள்தான். அரிசி களைந்துகொண்டே, துணி பிழிந்துகொண்டே ஆறு எண்ணை வாசிப்பேன். அடுத்த நிமிஷம் மறந்துவிடும்.

அன்றைக்கும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மலையாண்டி அண்ணன் கூப்பிட்டார். “தங்கச்சி, ஜோதி கேக்கச் சொல்லுச்சு. ஒரு நம்பர் வந்திருக்கும்.” வாசித்தேன். எத்தனை தடவை என்னைக் குட்டியானையில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் அந்த மனுசன். அவரிடம் ‘ஏன் எதற்கு’ என்று கேட்க எனக்கு வாய் வருமா?

வாசித்த பிறகுதான் கீழே பார்த்தேன். ‘இதை யாரிடமும் பகிர வேண்டாம்’ என்று இருந்தது. அது எல்லா மெசேஜிலும்தான் இருக்கிறது, ஜோதி. பதினோரு வருசமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்துக்கொண்டு இருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். இவர் கம்பெனியில் இதற்கென்றே ஒரு வகுப்பு எடுத்தார்களாம். பாஸ்வேர்டு ஒரு பூட்டு, ஓடிபி இரண்டாவது பூட்டு. முதல் பூட்டை எவனாவது உடைத்தாலும் இரண்டாவதை உடைக்க முடியாதாம். “உடைக்கவே வேணாமே, கேட்டா நாங்களே தொறந்து விட்டுருவோமே” என்றேன். பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

என்னைத் திட்டு. ஆனால் ஒன்று கேள். நேற்று அதே கல்லூரியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. மீதி இடங்களுக்கு மறுபடி விண்ணப்பம் வாங்குகிறார்களாம். பழைய விண்ணப்ப எண்ணே போதும். இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி. வாணியிடம் சொல்.

தாமரை


செல்லூர்
20.6.2025

அக்கா,

அக்கா என்று எழுதிவிட்டேன், போகட்டும். கோபத்தைத் தூக்கிக்கொண்டு திரியவும் தெம்பு வேண்டியிருக்கிறது. காலையிலிருந்து தறிக்கு நூல் தார் சுற்றிவிட்டு வருகிறவளுக்கு அது எங்கே இருக்கிறது.

வாணியிடம் சொன்னேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ராட்டினத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, “மறுபடி போட்டா மறுபடி அழிப்பாருல்ல?” என்று கேட்டாள். நான் ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அது உங்களுக்கும் தெரியும். வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. நர்ஸ் என்றால் ராத்திரி டூட்டி, ஆம்பளை நோயாளி என்று அவர் கூடப்பிறந்த தங்கச்சி ஓதி வைத்திருக்கிறது. தன் மகனுக்கு வாணியைக் கேட்கிறது. வாணி கோயம்புத்தூர் போனால் கைவிட்டுப் போய்விடும் என்று அதற்குப் பயம், அந்தப் பயம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்து பேசினால் எழுந்து போய்விடுகிறார். எழுந்து போகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

விண்ணப்பத்தில் நம்பரை மாற்றலாமா என்று யோசித்தேன். யார் நம்பரைப் போடுவது? வாணிக்குப் போன் இல்லை. எனக்கும் இல்லை. என் பேரில் பேங்கில் கூலி விழுந்தால்கூட மெசேஜ் அவர் போனுக்குத்தான் போகிறது. ‘விழுந்துருச்சு’ என்று அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும். முனைக் கடை காசிமாயன் நம்பரைப் போடலாம் என்றால், அவர் தினமும் இவரோடு டீ குடிக்கிறவர். சுற்றிச் சுற்றிப் பார்த்தால் மறுபடியும் நீங்கள்தான். தலையெழுத்து.

அதனால் ஒன்று. இனிமேல் யார் கேட்டாலும் வாணிக்கு வருகிற ஓடிபி நம்பரைச் சொல்லக் கூடாது. அண்ணன், தங்கச்சி என்று உருகினாலும் சொல்லக் கூடாது. ஜோதி கேட்கச் சொன்னாள் என்றாலும் கூடாது. நான்தான் பேசுகிறேன் என்று ஒரு பொம்பளைக் குரல் வந்தாலும் நம்பாதீர்கள். என் நாத்தனார் மகள் என்னைப் போலவே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பாள். நான்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

ஜோதி


ஓசூர்
23.6.2025

ஜோதி,

அக்கா என்று எழுதியிருந்தாய். சந்தோசம் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் சாப்பிட்டேன்.

வழி யோசித்தேன். பட்டறைப் போனிலிருந்து கூப்பிடு. எடுத்ததும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: நம்ம கடையில் ஆடு எதைத் தின்றது? பதிலை இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதம் சோலையம்மாள் கைக்குப் போய், அங்கிருந்து உன் கைக்கு வருவதற்குள் எத்தனை பேர் பிரிப்பார்களோ. அது தெரிந்தது நம் இரண்டு பேருக்கும், பறிகொடுத்தவருக்கும், அந்த ஆட்டுக்கும்தான். பறிகொடுத்தவர் வெட்கத்தில் சொல்ல மாட்டார், ஆடு சொல்லாது.

சரியான பதில் வந்தால் நம்பரை வாசிப்பேன். இல்லாவிட்டால் கடவுளே வந்தாலும் வாசிக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் விண்ணப்பத்தைப் போடலாம். அவர் லோடு எடுத்துக்கொண்டு போன பிறகு கூப்பிடு. அன்றைக்கு நான் அடுப்பே பற்ற வைக்கப் போவதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

தாமரை


செல்லூர்
4.7.2025

அக்கா,

வந்துவிட்டது. அதே கல்லூரி. பட்டறைப் போனில் நீங்கள் சொன்னதும் சோலையம்மாள் தறியை நிறுத்திவிட்டுப் போய் எல்லாருக்கும் சேவு வாங்கி வந்தது. இருபத்தெட்டாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

அன்றைக்கு நம்பர் வாங்கியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கலெக்டர் மாதிரிக் குரலை வைத்துக்கொண்டு, “ஆடு எதைத் தின்னுச்சு?” என்று கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. “சுடலை அண்ணனோட பாஸ்போர்ட் போட்டோவ” என்று சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டது. அந்த மனுசன் வந்து நின்று, போட்டோ எங்கே என்று கேட்டு, ஆடு தின்றுவிட்டது என்றதும் கொஞ்சம்கூடக் கோபப்படாமல், “மொகத்தச் சுளிக்காமத் தின்னுச்சா?” என்று கேட்டாரே. அதை நினைத்தால் சாவு வீட்டில்கூட என்னால் சிரிக்காமல் இருக்க முடியாது. நீங்களும் அந்தப் பக்கம் சிரித்தீர்கள். நம்பர் காலாவதி ஆகிவிடும் என்று வாணி என் கையைக் கிள்ளினாள். முதல் நம்பர் ஆகியும் விட்டது. இரண்டாவது வாங்கித்தான் பட்டறைக் கணக்குக் கம்ப்யூட்டரில் போட்டோம்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். வாணி பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள், அவரும் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜோதி


செல்லூர்
15.7.2025

அக்கா,

இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று நாலு நாள் பார்த்தேன். ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை உங்களைக் கூப்பிட்டது நான். அவர் போனிலிருந்து, பழங்காநத்தத்துக் கடையில் உட்கார்ந்து கூப்பிட்டேன். பக்கத்தில் அவர் இருந்தார். அவர் தங்கச்சியும் இருந்தது. ஆனாலும் பேசியது நான்தான். நீங்கள் கேள்வி கேட்டீர்கள். நான் பதில் சொன்னேன். சரியான பதில். அதற்கு நீங்கள், “நம்பர் ஒண்ணும் வரலையே ஜோதி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். மூன்று தடவை அனுப்பினான் கடைக்காரன். மூன்று தடவையும் வரவில்லை என்றீர்கள். பிறகு போனையே அணைத்துவிட்டீர்கள்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வாணி சேரப் போகிறாள் என்று நானே அவரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. வீட்டில் சாப்பிடுவதை விட்டார். வாசலில் நிற்கிற குட்டியானையில் உட்கார்ந்து ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார், தெரு முழுக்கப் பார்க்க. ஒரு வாரம். எதிர்வீட்டில் வந்து என்ன என்று கேட்டார்கள். என் மாமியார் போன் போட்டு அழுதது. நாத்தனார் பையோடு வந்து உட்கார்ந்துகொண்டது. வாணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடமாடினாள். எனக்கு விட்டுவிடலாம் போல ஆகிவிட்டது, அக்கா. யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. போதும், இங்கேயே ஏதாவது படிக்கட்டும், வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும் என்று நானே முடிவு பண்ணித்தான் இடத்தை ரத்து பண்ண அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு தடவை அவர் கேட்டார், கொடுத்தீர்கள். இன்னொரு தடவை நான் கேட்டேன், கொடுக்கவில்லை. என் மகள் படிப்பதா வேண்டாமா என்பதை இரண்டு தடவையும் ஓசூரில் இருந்துகொண்டு நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். நான் யார்?

அவர் கடையிலிருந்து வெளியே வந்து, “ஒங்கக்காவுக்கு ஒம்மேலயே நம்பிக்கை இல்லையாடி” என்றார். 

நாகஜோதி


ஓசூர்
18.7.2025

ஜோதி,

நீ கேட்டது நியாயம். பதிலும் சரியாகத்தான் சொன்னாய். நம்பர் மூன்று தடவையும் வந்தது. கண் முன்னால் இருந்தது. வரவில்லை என்று பொய் சொன்னேன்.

நீ சிரிக்கவில்லை, ஜோதி. ஆடு எதைத் தின்றது என்று கேட்டேன். சுடலை அண்ணன் போட்டோ என்று ஆஸ்பத்திரியில் பேர் சொல்வது மாதிரிச் சொன்னாய். சாவு வீட்டில்கூட சிரிப்பேன் என்று எழுதியவள் நீ.  பேசுவது நீ இல்லை என்று தோன்றியது. நீதான் என்று தெரிந்தும் தோன்றியது.

அப்படித் தோன்றியதற்காக உன் பேச்சைக் கேட்காமல் இருந்தது சரியா? எனக்குத் தெரியவில்லை. நீ விட்டுவிடலாம் என்று முடிவு பண்ணியிருக்கலாம். பண்ணுவதற்கு உனக்கு உரிமை உண்டு. உன் வீட்டு வாசலில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டது எனக்கு இங்கே தெரியுமா? முதல் தடவை யோசிக்காமல் கொடுத்தேன், அந்தப் பயத்தில் இந்தத் தடவை கொடுக்கவில்லை. இரண்டிலும் உன்னைக் கேட்கவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நீயும் நானும் இவ்வளவு பேசுகிறோம், விண்ணப்பத்தில் இருப்பது வாணியின் பெயர். இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவள் கூப்பிடட்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் ஆடும் வேண்டாம், குட்டியும் வேண்டாம், அந்த நிமிஷமே நம்பரை வாசிக்கிறேன். அவளிடம் எதையும் சொல்லிக் கொடுத்து அனுப்பாதே.

இன்னொன்றும் முடிவு பண்ணிவிட்டேன். தெருவில் யார் கூப்பிட்டாலும், ‘சொந்த நம்பரை மாத்திக்கிருங்க, கடைசியா ஒரு தடவ அதுக்கு மட்டும் வாசிக்கிறேன்’ என்கிறேன். சுடலை அண்ணன் கோபித்துக்கொண்டார். இருக்கட்டும். இத்தனை வீட்டுச் சாவியும் ஒரு பொம்பளை முந்தானையில் இருப்பது பத்திரம் என்று நினைத்துவிட்டோம். முந்தானை அவிழ்கிறதும் உண்டு. எனக்கும் அசதியாக இருக்கிறது, ஜோதி. 

தாமரை


செல்லூர்
24.8.2025

அக்கா,

ரொம்ப நாளாக எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமும் இருந்தது. அலுப்புதான் அதைவிட அதிகம்.

வாணி உங்களைக் கூப்பிட்டு என்ன சொன்னாள் என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். என்னிடம்கூடச் சொல்லாமல் பட்டறைக்குப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். அவள் அப்பா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “நான் போறேன்ப்பா. பெட்டிய நீங்கதான் ஏத்தணும்” என்றாளாம். எனக்கு அந்தத் தைரியம் அவள் வயதிலும் இல்லை, இந்த வயதிலும் இல்லை.  அவள் போகிற அன்றைக்குக் காலையில் அவர் வண்டியைக் கழுவியிருந்தார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரே ஓட்டி வந்தார். பஸ் கிளம்பின பிறகும் அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தார். நானும் சோற்றைப் போட்டேன். இன்னும் பேசிக்கொள்ளவில்லை. பேசுவோம், எங்கே போய்விடப் போகிறோம்.

அவள் விடுதியில் ஒரு போன் வாங்கிக்கொண்டாள். கல்லூரியில் உங்கள் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாளாம்.

நீங்கள் அன்றைக்குச் செய்தது சரியா தப்பா என்று இன்னும் யோசிக்கிறேன். சரி என்று எழுத மாட்டேன். நீங்கள் வாசித்திருந்தால் என் மகள் இன்றைக்கு அங்கே இல்லை என்பது மட்டும் தெரிகிறது. இரண்டும் என் மனதில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

நானும் ஒரு பட்டன் போன் வாங்கினேன். என் ஆதாரைக் காட்டி, என் கைரேகையை வைத்து, என் பேரில் சிம். பேங்குக்குப் போய் அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொன்னேன். இன்னும் தெரியாது.

நேற்று தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது முந்தானைக்குள் போன் அதிர்ந்தது. பேங்கிலிருந்து ஆறு எண். எனக்கென்று வந்த முதல் நம்பர், அக்கா. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கீழே, யாரிடமும் பகிர வேண்டாம் என்று இருந்தது. அதையும் படித்தேன். தறிச் சத்தத்தில் சோலையம்மாள் கழுத்தை நீட்டி, “என்னடி நம்பரு, சொல்லு” என்றது, நாமெல்லாம் எப்போதும் கேட்பது மாதிரி.

சொல்ல மாட்டேன் என்றேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜோதி